சுத்தியலை யார் தூக்கலாம்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ அவசரத்தில் இருந்தாய், இது அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். பரண்மேல் இருக்கிற இரண்டு பெட்டி காமிக்ஸையும் யாருக்காவது கொடுத்துவிடு, ஸ்டூல் போட்டு ஏறாதே, எலும்பு வலு குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றாய். ஏற மாட்டேன், சரி. பக்கத்து வீட்டுப் பையன் இறக்கிக் கொடுத்துவிட்டான், இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அப்புறம் கடைசியில் ஒன்று சொன்னாயே, "எட்டா படிச்சு முடிச்சேம்மா, அதுல வர்ற தோருக்கும் உன் தோருக்கும் சம்பந்தமே இல்ல, சின்ன வயசுல எல்லாத்தையும் தப்பா சொல்லியிருக்க" என்று. அதுதான் ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

நீ சொன்ன வித்தியாசம் எல்லாம் உண்மைதான். எட்டா என்கிற தொகுப்பில் இருக்கிற பழைய நார்ஸ், அதாவது வட ஐரோப்பியக் கதைகளில் இடிக்கடவுள் தோருக்குச் செந்தாடி, காமிக்ஸில் மழமழவென்ற முகமும் பொன்னிற முடியும். லோகி அவனுடைய தம்பி இல்லை, தோரின் அப்பாவான ஓடின் என்கிற கடவுளோடு ரத்தம் கலந்து உறவு வைத்துக்கொண்டவன். ஓடினின் வளர்ப்பு மகனாக அவனை ஆக்கியது காமிக்ஸ்காரர்கள். தோர் ஓட்டும் தேரை இழுக்கும் இரண்டு ஆடுகள், ராத்திரி அவற்றையே வெட்டித் தின்றுவிட்டுக் காலையில் எலும்புமேல் சுத்தியலைக் காட்டி எழுப்பிவிடுவானே, அந்த அழகான கதையை நான் உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. எனக்கே அது ரொம்பப் பின்னால்தான் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. எட்டாவில் அந்தச் சுத்தியல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார். குள்ளர்களில் ஒருவன் உலையில் வேலை செய்கிறான், இன்னொருவன் துருத்தி ஊதுகிறான், லோகி ஈயாக வந்து ஊதுகிறவனின் இமையைக் கடிக்கிறான், ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, அதைத் துடைக்க ஒரு நொடி கையை எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான், சுத்தியலின் பிடி குட்டையாகிவிடுகிறது. எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்! ஆனால் அந்தச் சுத்தியலுக்கு ஆள் தெரியாது. யார் கையில் கிடைத்தாலும் அது அவருடையது. திரிம் என்கிற அரக்கன் அதைத் திருடி மண்ணுக்குள் ஆழப் புதைத்துவிட்டு, பிரேயா என்கிற பெண் தெய்வத்தைக் கட்டிக்கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோர் மணப்பெண் வேஷம் போட்டுக்கொண்டு போய், பந்தியில் ஒரு முழு மாட்டையும் எட்டு மீனையும் தின்றுவிட்டு, மடியில் வைத்த சுத்தியலை எடுத்து எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டு வருகிறான். பிரமாதமான கதை. ஆனால் அதில் யாரும் 'இது யாருக்குப் பொருத்தம்' என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வி வந்தது 1962 ஆகஸ்டில், 'ஜர்னி இன்டு மிஸ்டரி' என்கிற அமெரிக்கக் காமிக்ஸின் 83-ஆம் இதழில். எழுதியவர்கள் ஸ்டான் லீ, லாரி லீபர், படம் போட்டவர் ஜாக் கிர்பி. கால் ஊனமான ஒரு டாக்டர் நார்வேயில் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டு, கிடைத்த கட்டையால் பாறையை அடிக்கிறார், கட்டை சுத்தியலாக மாறுகிறது, அவரே தோர் ஆகிவிடுகிறார். அதன்மேல் எழுதியிருக்கிறது, தகுதி உள்ளவன் எவனோ அவனுக்கே தோரின் பலம் கிடைக்கும் என்று. ஒரே ஒரு வரி. ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எட்டா என்று எழுதிவைத்ததில் அது இல்லை. அந்த வரி வந்தபிறகு கடவுளும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுத்தியலுக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்கு அந்த வரிதான் எல்லாம், கண்ணா. பழைய கடவுள்களை எடுத்துச் சூப்பர்ஹீரோ ஆக்கியவர்கள் நிறையப் பேர். 'ஷசாம்' என்று கத்தினால் சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், சூஸ், அக்கிலிஸ், மெர்குரி ஆறு பேரின் சக்தியும் ஒரு சிறுவனுக்கு வருவது 1940-லேயே வந்துவிட்டது. அவையும் பிடிக்கும். ஆனால் தோரிடம் மட்டும்தான் சக்தி திரும்பி நின்று கேள்வி கேட்டது.

எனக்கு முதலில் கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு இதழ், உன் மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தது. வால்டர் சைமன்சன் எழுதி வரைந்த 'தோர்' 337-ஆம் இதழ், 1983 நவம்பர். முதல் பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒருவன் உலைக்களத்தில் நிற்கிறான், அவனுடைய ஒவ்வொரு அடிக்கும் 'டூம்' என்ற எழுத்து பக்கத்தையே அதிர வைக்கிற அளவுக்குப் பெரிதாக. அப்புறம் குதிரை முகத்தோடு வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் வருகிறான், பீட்டா ரே பில். பார்த்தவுடனே வில்லன் என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் தோரோடு சண்டை போட, சண்டையில் தோர் சுத்தியலைப் பிரிந்து பழையபடி டாக்டராகிவிட, சுத்தியலும் பழையபடி கட்டையாகிவிட, அந்தக் குதிரை முகத்தான் கட்டையை ஓங்கி அடிக்கிறான். சுத்தியல் அவனை ஏற்றுக்கொள்கிறது! எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழகா இல்லையா, நம்ம ஆளா வெளியாளா என்று அது பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த வயது அது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஆறு வயதில் ஒரு மரக்கட்டையில் கயிறு கட்டிச் சுத்தியல் செய்து நடுக்கூடத்தில் வைத்திருந்தாய். வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பாட்டிக்குச் சுலபமாக வந்தது. அப்பா தூக்க வந்தபோது நீ காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய், ஏனென்றால் அன்றைக்கு உன்னை வெளியே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ராத்திரிதான் வந்தார். அவர் சிரிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார், நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காலை எடுத்தாய். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த தோரிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது அதுதான்.

2014-ல் வந்ததையும் சொல்ல வேண்டும். 1962-ல் அந்த டாக்டருக்கு நர்ஸாக இருந்தாளே ஜேன் பாஸ்டர், பல வருஷம் தோரையே நினைத்துக்கொண்டு காப்பாற்றப்பட்டுக்கொண்டே இருந்தவள். ஜேசன் ஆரோன் எழுத, ரஸ்ஸல் டாட்டர்மேன் வரைய, தோரால் சுத்தியலைத் தூக்க முடியாமல் போகிறது, அவள் தூக்குகிறாள். அவளுக்குப் புற்றுநோய். தோராக மாறுகிற ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஏற்றிய கீமோ மருந்தை விஷம் என்று நினைத்து அந்த மாயம் வெளியேற்றிவிடும், நோய் மட்டும் அப்படியே தங்கிவிடும். தெரிந்தேதான் தூக்குகிறாள். பெண் தோரா என்று நிறையப் பேருக்குக் கோபம் வந்தது. எனக்கு, ஐம்பத்திரண்டு வருஷம் அந்த வரி காத்திருந்தது இவளுக்காகத்தான் என்று தோன்றியது.

இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு மறுபடி மறுபடி பார்ப்பது சைமன்சன் எழுதிய 380-ஆம் இதழ். சாவுக்குத் தெய்வமான ஹேலாவின் சாபத்தால் தோரின் எலும்புகள் நொறுங்கிப் போகின்றன, ஆறாது, ஆனால் சாகவும் முடியாது. உடம்பைத் தாங்கிக்கொள்ள ஒரு கவசம் செய்துகொண்டு உலகத்தைச் சுற்றிக் கிடக்கிற பாம்போடு சண்டைக்குப் போகிறான். இதழ் முழுக்கப் பக்கத்துக்கு ஒரே படம், கட்டங்களே இல்லை, பாம்பு அவ்வளவு பெரியது. எட்டாவில் இதே பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து விழுவானே, அதைத் தெரிந்தவர் எழுதியது என்பது பார்த்ததும் புரியும். முன்பெல்லாம் நான் பாம்பைத்தான் பார்ப்பேன். இப்போது கவசத்தைப் பார்க்கிறேன், தோளில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், இடுப்பில் எப்படித் தாங்குகிறது என்று.

நீ அடுத்த தடவை வரும்போது எட்டாவைக் கொண்டுவா, எனக்கும் சேர்ந்து படிக்க வேண்டும், அந்த ஆட்டுக்கதையை நீ வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருக்கும். பெட்டியில் எது வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொண்டு போகலாம், 380 கூட. அட்டை இல்லாத அந்த 337 மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஸ்டூல் மேல் ஏற மாட்டேன், சத்தியம்.

அம்மா