நாயையும் கூட்டிப் போ

கண்ணம்மா,

நேற்று நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். பூனைக்குட்டி அழகுதான், அதை அப்புறம் பேசலாம். பின்னங்காலால் காதைப் பிறாண்டுகிறது, தலையைப் படபடவென்று உதறுகிறது, மறுபடி பிறாண்டுகிறது. புது இடம், அதனால் பதட்டம் என்கிறாய். பதட்டத்துக்கு எந்தப் பூனையும் காதை மட்டும் குறிவைத்துச் சொறியாதுடி. எனக்கு அது காதுப்பூச்சி என்றுதான் படுகிறது.

நல்ல வெளிச்சத்தில் மடியில் வைத்துக் காது மடலை மெல்ல மடக்கிப் பார். பூச்சி இருந்தால் ஈரக் காப்பித்தூளை அப்பியது போல உள்ளே கருப்பாக, உதிரி உதிரியாக இருக்கும். மெழுகு, காய்ந்த ரத்தம், பூச்சியின் கழிவு எல்லாம் கலந்த அழுக்கு அது. வெளியில் தெரிவதைப் பஞ்சில் கொஞ்சம் ஒற்றி, கறுப்புத் தாளில் தட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்று நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். எதுவும் நகரவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று முடிவுகட்டிவிடாதே. பூஞ்சையும் பாக்டீரியாவும்கூடக் காதை இப்படிப் படுத்தும், அவற்றுக்கு மருந்து வேறு. அதனால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று அவர் பார்க்கும்வரை ஒரு சொட்டும் விடாதே.

பட்ஸ் வைத்துக் குடையவும் கூடாது. நாய், பூனையின் காதுக்குழாய் நம் ‘ட’ எழுத்து மாதிரி, நேராகக் கீழே இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும். நீ குடையக் குடைய அழுக்கு அந்தத் திருப்பத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும்.

நீ விடுதியில் இருந்த வருஷம் நம் பூனைக்கு இது வந்ததை உன்னிடம் சொல்லவில்லை. தப்பெல்லாம் என்னுடையது. சொட்டு மருந்து விட்டேன், ஒரு வாரத்தில் சொறிவது நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். முட்டைக்குள் இருப்பதைப் பல சொட்டு மருந்துகள் ஒன்றும் செய்யாது. முட்டை பொரித்து, வளர்ந்து, அடுத்த முட்டையிட ஏறக்குறைய 3 வாரம். கணக்காக அப்போது திரும்ப வந்தது. மறுபடி மருந்து விட்டேன், மறுபடி வந்தது. கடைசியில் மருத்துவர், “வீட்டில் நாய் இருக்கிறதா?” என்று கேட்டார். ஒரு நாளும் காதைச் சொறியாத நம் மணியின் காதில் குடியிருந்திருக்கிறது! அதற்குள் பூனை உதறி உதறி, மடலுக்குள் ரத்தம் கட்டி, காது குட்டித் தலையணை போல உப்பிவிட்டது. மருந்தில் குணமாக வேண்டியது அறுவை சிகிச்சையில் போய் முடிந்தது.

இப்போது பிடரியில் விடும் மருந்துகள் இருக்கின்றன. செலமெக்டின், மாக்ஸிடெக்டின் என்று பெயர். தோல் வழியாக உள்ளே போய் வேலை செய்வதால் காதோடு போராட வேண்டாம். ஆனால் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்கு விட்டுவிடாதே. நாய் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்துவிடு.

உனக்குத் தொற்றுமா என்று கேட்டாய். அபூர்வம். வந்தாலும் நம் உடம்பில் தங்காது. அமெரிக்காவில் ராபர்ட் லோபஸ் என்ற கால்நடை மருத்துவர், ஒரு பூனையின் காதுப்பூச்சிகளை எடுத்துத் தன் காதுக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். 1994இல் அதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டதாம், ராத்திரியானால் தூங்கவே முடியவில்லையாம். அதைப் படித்த பிறகுதான் நம் பூனை எத்தனை ராத்திரி அப்படிக் கிடந்திருக்கும் என்று உறைத்தது.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ நடை தள்ளாடினாலோ நாள் பார்க்காதே, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு. மற்றபடி இந்த வாரத்துக்குள் போனால் சரி, குட்டி, உன் வீட்டு நாய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. எடை பார்த்துத்தான் மருந்து தருவார்கள். 8 வாரம் ஆகாத குட்டிக்குச் சில மருந்துகள் ஆகாது. இதற்கு எத்தனை வாரம் என்று நீ சொல்லவே இல்லை. பேர் என்ன வைத்தாய் என்றும்தான்.

அம்மா