கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் தம்பி தங்கைமாருக்கு,

உங்களில் பலர் ஸ்டார்ஃபீல்ட் விளையாடியிருப்பீர்கள். பெத்தெஸ்டா 2023 செப்டம்பரில் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. வெக்டேரா என்ற நிலவில், கையில் பாறை வெட்டும் கட்டரோடு சுரங்கத் தொழிலாளியாகத் தொடங்குகிறோம். அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் நமக்காகத் திறந்து கிடக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது. அதனால்தான் அதற்கு ஒரு புதிய கோள் செய்து தரும்படி உங்களைக் கேட்கிறேன்.

அதில் ஓர் அவுட்போஸ்ட், அதாவது தாது எடுக்கும் தளம், போடுவதை நினைத்துப் பாருங்கள். ஸ்கேனரைத் திறந்தால் இரும்பு, அலுமினியம், ஹீலியம்-3 எங்கே கிடக்கிறதென்று தரையில் நிறம்நிறமாகத் தெரியும். நல்ல இடமாகப் பார்த்து தளத்தைக் குறிக்கும் பீக்கனை ஊன்றி, தாதுவைத் தோண்டியெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, சோலார் பேனலோடு இணைத்து, ஒரு சேமிப்புப் பெட்டியையும் வைத்துவிட்டால் சரி. வேறு கோள்களைச் சுற்றிவிட்டு வந்தால் பெட்டி நிறைந்திருக்கும். அள்ளினால் மறுபடி நிறையும். எத்தனை தரம் அள்ளினாலும் அந்த இடத்து இரும்பு தீராது. அதனால் பக்கத்தில் எதற்கும் ஒரு குறையும் வராது.

இனி ஒலுவில் கரைக்கு வாருங்கள். 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. அந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் மறித்ததும் தென்பக்கம் மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுத்த இடங்கள் போயின. கல் போட்டது ஓரிடத்தில், காணி போனது இன்னோரிடத்தில். வந்தாறுமூலையில் படிப்பவர்களும் முந்தனை ஆற்று மணலை ஏற்றிப் போகும் டிப்பர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நீங்கள் ஒரேயொரு கோள் செய்ய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த விளையாட்டில் நாமே புதியவற்றைச் செய்து சேர்ப்பதற்கான கிரியேஷன் கிட் என்ற மென்பொருள் 2024 ஜூனில் வந்துவிட்டது; விளையாட்டை வாங்கியவர்களுக்கு அது இலவசம். அதில் நிரல் எழுதும் மொழியான பப்பைரஸ் ஸ்கிரிப்ட், நீங்கள் படிக்கும் நிரல்மொழிகளைவிடக் கஷ்டமாக இராது.

தெற்கே தாது நிறைந்த கரை, வடக்கே பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு குடியிருப்பு. தெற்கில் எக்ஸ்ட்ராக்டர் கூடக்கூட வடக்கில் கரை குறைய வேண்டும். நிலத்தை உண்மையாகவே கரைத்துக் காட்டத் தேவையில்லை. ஒரே கரையை மூன்று நிலையில் செய்துவைத்து, ஒன்றை மறைத்து அடுத்ததைக் காட்டினால் போதும். எச்சரிக்கைச் செய்தி மட்டும் போடாதீர்கள். விளையாடுகிறவர் ஒருநாள் வடக்கே நடந்து போய், போன தடவை இருந்த வீடு இல்லை என்று தானாகக் காணட்டும். எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றினாலும் கரை உடனே திரும்பி வரக் கூடாது. இது மிக முக்கியம். உடனே திரும்பிவிட்டால் அதுவும் இன்னொரு சேமிப்புப் பெட்டிதான்.

இப்படிச் செய்தால் விளையாட்டின் சுவை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கே ஊன்றுவது, எத்தனையோடு நிறுத்துவது என்று யோசிக்க வேண்டி வரும்போதுதான் வளம் சேர்ப்பதே ஒரு விளையாட்டாகிறது. இப்போது அது வெறும் காத்திருப்பு.

இறுதியாண்டு புரொஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை எடுங்கள். வடக்குக் குடியிருப்பில் உள்ளவர்களின் வசனங்களை நீங்களாக எழுத வேண்டாம். நிந்தவூர்க் கரைவலைக்காரர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். கரை எங்கே இருந்தது, எந்தத் தென்னை முதலில் விழுந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் அண்ணன்