தப்பின் ஓசையைக் காப்பாற்றுங்கள்: தோட்டத்து இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளே,

ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை என மலையகத் தோட்டந்தோறும், காமன்-ரதி கதையை ஆடிப் பாடும் காமன் கூத்தைப் பதிவு செய்து நேரலையாகவும் அனுப்பும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். கூலி வாங்காமல், விடிய விடிய விழித்திருந்து செய்கிறீர்கள். அந்த உழைப்பின் மீதுள்ள மதிப்பினால்தான் சொல்கிறேன்: பல பதிவுகளில் தப்பு என்னும் பறையின் ஒலி கேட்கவில்லை, கரகரப்புத்தான் கேட்கிறது. ரதியின் புலம்பலில் பாதிச் சொற்கள் அதற்குள் அமுங்கிவிடுகின்றன. வாய்வழியாக வந்த பாடல்களுக்கு இப்படியா நேர வேண்டும்?

கோளாறு, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் மென்பொருளில் நீங்கள் வைக்கும் அளவில் இருக்கிறது. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல்தான் (டெசிபெல் ஒலியளவின் அலகு) உச்சவரம்பு; மற்ற அளவுகளெல்லாம் அதற்குக் கீழே மைனஸில் வரும். அதைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டப்படுகிறது. இதுவே கிளிப்பிங். வெட்டுப்பட்ட ஒலி கோப்பிலேயே இல்லை. பிறகு ஒலியைக் குறைத்தாலும் அதே சிதைவு மெதுவாகக் கேட்கும். சீராக்கும் மென்பொருள்களும் ஊகித்துத்தான் நிரப்புகின்றன. தாழ்வாகப் பதிந்ததையோ தாராளமாக உயர்த்தலாம். 24 பிட் பதிவுக்குக் கோட்பாட்டளவில், மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையே 144 டெசிபெல் வீச்சு உண்டு. மேலே 12 டெசிபெல் காலியாக விட்டால் எதுவும் குறைந்துவிடாது.

பெரும்பாலும் பாடகரின் குரலை வைத்து அளவைச் சரிபார்க்கிறீர்கள். நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய தப்பில் குச்சி விழும் கணத்தில் எழும் உச்சம், அதன் சராசரி ஒலியைவிட மிக உயரமானது. கண் இமைப்பதற்குள் முடிந்தும்விடும். ஆகவே தப்பை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, அதன் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை நிற்குமாறு, உள்வரும் ஒலியின் அளவைத் தீர்மானிக்கும் கெயினை வையுங்கள். பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளின் ஒலி மீட்டரில் மைனஸ் 9க்கு மேல் சிவப்பு. குரல் மஞ்சளிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு ஒலிவாங்கியின் தடமும் ஒழுங்காக இருந்தாலும் கூட்டுத்தொகை எல்லை மீறலாம். ஒரே அளவுள்ள இரு வேறு ஒலிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். ஒரே ஒலி இரு தடங்களில் வந்தால் 6 கூடும். எனவே மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். இன்னொன்று: ஒலிவாங்கியை இணைக்கும் பெட்டியிலேயே சிவப்பு விளக்கு எரிந்தால், கணினியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை. வெட்டு உள்ளே வருமுன்பே விழுந்துவிட்டது. எல்லை மீறும் உச்சத்தைத் தானாக அமுக்கும் லிமிட்டர் கடைசிக் காவல் மட்டுமே. அதை நம்பிக் கெயினை ஏற்றாதீர்கள்.

உண்மையான நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். “சத்தம் போதாது, கூட்டு” என்று திடலில் பெரியவர்கள் குரல் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தேவை ஒலிபெருக்கியின் சத்தம், பதிவின் சத்தமல்ல. இரண்டையும் ஒரே ஃபேடரில் கட்டிவைத்திருப்பதுதான் பிழை. பதிவுக்குத் தனி வழி எடுங்கள். திடலுக்கு வேண்டியதை ஆம்பிளிஃபயரில் கூட்டுங்கள்.

வரும் மாசிக் கூத்துக்கு முன் ஒரு மாலை, தப்பு வாசிப்பவரையும் பாடுபவரையும் அழைத்து, கூத்தில் மிக உச்சமாக ஒலிக்கும் கட்டத்தை ஒரு முறை பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். நேரலை எப்படிப் போனாலும், சுருக்காத வேவ் கோப்பு ஒன்றை மன்றத்தில் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் பதிவுகளை ஆசையோடு கேட்கும்
ஒரு மலையக வாசகர்