அவனுக்கும் ஓர் இடம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அன்றைக்குப் போனில் உன் தோழியைப் பற்றி நீ கேட்டது மனதை விட்டு அகலவில்லை. “அவளோடு பேசி மாதக்கணக்காகிறதும்மா. அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒரு மெசேஜ்கூட இல்லை. பார்க்காமல், பேசாமல் இருந்தால் எந்த நட்பும் தேய்ந்துதானே போகும்?” என்றாய். அவளை இழந்துவிட்டதாகவே முடிவு கட்டிவிட்ட குரல் அது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்வியைப் புறநானூற்றிலேயே சிலர் கேட்டிருக்கிறார்கள். கோப்பெருஞ்சோழனைச் சுற்றி நின்றவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பாய்: “பிசிராந்தையாரும் சோழனும் காணாமலே நட்புக் கொண்டனர்.” அவ்வளவுதான். அந்தப் பாடல்களை வரிசையாக வைத்துப் படித்தால் விஷயமே வேறாக இருக்கிறது.

உறையூரில் இருந்து ஆண்ட அந்தச் சோழனுக்கு எதிராக அவன் பெற்ற பிள்ளைகளே படை திரட்டினார்கள். அவனும் போருக்குப் புறப்பட்டுவிட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே நின்று கேட்டார்: இவர்களை நீ வென்றால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய்? நீ தோற்றால் உன் பகைவர்கள் அல்லவா மகிழ்வார்கள்? அரசன் போரைக் கைவிட்டான். வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். சான்றோர் பலர் அவனோடு கூட அமர்ந்தார்கள். அப்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்று: பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரிலிருந்து என் நண்பன் வருவான், அவனுக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.

சுற்றி இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வராதது நியாயம்தான். ஒருவரைப் பற்றி ஒருவர் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் கண்டதே இல்லை. வருஷங்கள் எத்தனையோ போய்விட்டன. இப்படிப்பட்ட நேரத்தில் யார் வரப்போகிறார்கள்? அவர்களுக்குச் சோழன் சொன்ன பதில்தான் 216ஆம் பாட்டு. கண்ணு, அதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். “இகழ்விலன், இனியன், யாத்த நண்பினன்” என்று நண்பனுக்காகச் சாட்சி சொல்கிறான். பொய்யை விரும்பாதவன் என்கிறான். பிறகு ஒரு சேதி சொல்கிறான் பார், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். உன் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் அவன் தன் பெயரைச் சொல்ல மாட்டானாம், “என் பெயர் பேதைச் சோழன்” என்பானாம். இதைச் சொல்லிவிட்டு, “இன்னே வருகுவன், ஒழிக்க அவற்கு இடமே” என்று முடிக்கிறான். இதற்கு முந்திய பாட்டில், செல்வம் இருந்த காலத்தில் வராமல் இருந்தாலும் துன்ப காலத்தில் வராமல் நிற்க மாட்டான் என்று சொல்லியிருக்கிறான்.

பிசிராந்தையார் வந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பொத்தியார் என்ற புலவருக்கு வியப்பு தாங்கவில்லை. வருவான் என்று சொன்னவன் பெருமையைச் சொல்வதா, அந்தச் சொல் பழுதாகாமல் வந்தவன் அறிவைச் சொல்வதா என்று திகைக்கிறார். வியக்க வியக்க, வியப்பே எல்லை கடந்து போகிறது என்கிறார். கண்ணகனார் என்ற இன்னொருவர் பொன்னும் பவளமும் முத்தும் மணியும் பிறக்கும் இடங்களை நினைக்கிறார். ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் பிறந்தாலும், ஓர் அணி செய்யும்போது அவை ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன அல்லவா?

பிசிராந்தையார் ஆளில்லாமல் தவித்த மனிதரும் இல்லை. இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொல்லாமலே குறிப்பறியும் ஏவலர், நல்ல அரசன், இவர்களோடு நான் வாழும் ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னவர் அவர். எல்லாமும் எல்லோரும் இருந்தும் அவர் மனதில் உறையூருக்கு ஓர் இடம் இருந்தது. வடதிசை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலைப் பார்த்து, வழியில் அந்த அரண்மனையில் இறங்கி “பிசிர் ஆந்தையின் அடியுறை” என்று மட்டும் சொல், உன் பேடைக்கு அணிகலன் தருவான் என்று பாடியிருக்கிறார். நீயும் அவளும் பேசாத இந்த மாதங்களில் அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. தன்னைச் சுற்றி இருப்பவர்களிடம் உன்னைப் பற்றி அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியாது.

பெற்றவளாக இந்தக் கதையில் எனக்கு உறைக்கிற இடம் ஒன்று உண்டு. பெற்ற பிள்ளைகள் வாள் எடுத்து வந்தார்கள், காணாத நண்பன் உயிரைக் கொடுக்க வந்தான். இரத்த உறவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு நான் இருக்கிறேன், அப்பா இருக்கிறார். ஆனால் உன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒருத்தி உனக்கு இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். நாங்கள் உன் மேல் பிரியம் வைப்பது எங்கள் இயல்பு. அவள் உன்மேல் பிரியம் வைத்தது அவளுடைய முடிவு. அதை லேசில் விட்டுவிடாதே.

சங்கப் புலவர்கள் நட்பைத் தேன் தடவிப் பாடவில்லை, சண்டையையும் சேர்த்தே பாடினார்கள். பாரி இறந்த பிறகு கபிலர் அவனோடு சண்டை போடுகிறார். உன்னோடு வர விடாமல் என்னை இங்கேயே இரு என்று விட்டுப் போனாயே, அப்படியானால் நான் உனக்கு ஏற்றவனாக இருக்கவில்லை போலிருக்கிறது என்று செத்துப்போனவனிடம் கோபித்துக்கொள்கிறார். அந்தக் கோபத்தோடுதான், இந்தப் பிறவியைப் போலவே மறுபிறவியிலும் உன்னோடு சேர்ந்திருக்க விதி கூட்டுவிக்கட்டும் என்று கேட்கிறார். ஔவையார் அதியமானை இழந்து பாடும்போது அவன் வென்ற போர்களில் தொடங்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு சேர்ந்து மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறார். அரசனை இழந்த துக்கத்தில் அவருக்கு முதலில் வாய்க்கு வந்தது அதுதான்.

திருக்குறளுக்கு வருகிறேன். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள். எல்லோரும் “உடுக்கை இழந்தவன் கைபோல” என்ற குறளோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பழைமை அதிகாரம்தான் பிடிக்கும். பழகிய உரிமையில் நண்பர் செய்கிற தவறுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்காகவே வள்ளுவர் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். “பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்.” நண்பர் மனம் நோகும்படி ஏதாவது செய்துவிட்டால், ஒன்று தெரியாமல் செய்திருப்பார், இல்லையென்றால் நம் மேல் உள்ள அளவு கடந்த உரிமையில் செய்திருப்பார் என்று எடுத்துக்கொள் என்கிறார். உன் பிறந்தநாளை அவள் மறந்துவிட்டாள் என்று வருத்தப்பட்டாயே, அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துப் போ என்றும் சொல்ல மாட்டேன். நட்பு சிரித்துப் பேசுவதற்காக மட்டும் இல்லை, எல்லை மீறும்போது முந்திப் போய் இடித்துச் சொல்வதற்காக என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். இந்த இடத்தில் எனக்குக் கர்ணன் நினைவு வரும். வில்லிபுத்தூரார் பாரதத்தில், தனியிடத்தில் துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் சிந்திக் கிடந்தபோது, துரியோதனன் சந்தேகப்படாமல் “எடுக்கவோ கோக்கவோ” என்று கேட்டதைக் கர்ணன் சொல்லும் பாட்டு இருக்கிறதே, நம்பிக்கைக்கு அதற்கு மேல் ஒரு படம் வரைய முடியாது. அந்த நம்பிக்கைக்காக உயிரைக் கொடுக்கவும் கர்ணன் துணிந்தான். ஆனால் தன் நண்பனைப் பிடித்து நிறுத்த அவனால் ஆகவில்லை. எத்தனை முறை படித்தாலும் என் மனம் அவனுக்காக உருகும், ஒப்புக்கொள்ள மட்டும் மறுக்கும். உன் தோழி உன்னிடம் முகத்துக்கு நேரே கடிந்து பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

காதல் பாடல்கள் என்று நாம் சொல்லும் அகப்பாடல்களைப் பார். தோழி இல்லாவிட்டால் அவற்றில் பாதி பேச்சு நின்றுவிடும். தலைவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்பவள் அவள், தாய்க்கு மறைப்பவளும் சொல்பவளும் அவள். குறுந்தொகையில் கபிலரின் “யாரும் இல்லை, தானே கள்வன்” என்ற பாட்டு உனக்குத் தெரியும். அவன் என்னை மணந்த அன்று சாட்சிக்கு ஒருவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் இருந்தது என்று அந்தப் பெண் கலங்குகிறாள். யாரும் இல்லை என்ற அந்தச் சொல்லை அவள் சொல்வது தோழியிடம். அதைக் கேட்க ஒருத்தி இருந்ததால்தான் அது பாட்டாக நமக்குக் கிடைத்தது. தோழிக்கு அந்தப் பாடல்களில் பெயர் கிடையாது, சொந்தக் காதல் கதையும் கிடையாது. அவளைப் பற்றி யாராவது நீளமாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நம் மொழிக்கு வெளியிலிருந்தும் ஒன்று. பிரான்ஸில் மொந்தேன் என்ற கட்டுரையாளர் தன் நண்பர் லா போயெத்தியை 1563இல் பறிகொடுத்தார். அவர்கள் சேர்ந்து பழகியது சுமார் நான்கே வருஷம். 1580இல் வந்த தன் புத்தகத்தில் நட்பைப் பற்றி எழுதினார். ஏன் அவர்மேல் அவ்வளவு அன்பு என்பதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. பிறகு 1588ஆம் ஆண்டுப் பதிப்பில் தன்னிடம் இருந்த பிரதியின் ஓரத்தில் “அவன் அவனாக இருந்ததால்” என்று எழுதினார். அப்புறம் இன்னொரு சமயத்தில் “நான் நானாக இருந்ததால்” என்று சேர்த்தார். நண்பர் போய் இருபத்தைந்து வருஷம் கழிந்த பிறகும் அந்த வாக்கியம் அவருக்குள் முடியாமல் இருந்திருக்கிறது.

இப்போது பொத்தியாரிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் உன் தோழியின் நிலைக்கு அவர்தான் பொருத்தம். அவரும் அரசனோடு அமர வந்தவர். சோழன் விடவில்லை. உன் மனைவிக்குக் குழந்தை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான். அவர் தனியாக உறையூருக்குத் திரும்பினார். வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டியிருந்த வெறும் கம்பத்தைப் பார்த்து அழுவதுபோல அழுதேன் என்கிறார். மகன் பிறந்த பிறகு வந்து, நடுகல்லாக நின்ற அரசனிடம் “என் இடம் யாது?” என்று கேட்கிறார். கல்லான பின்னும் தொல்நட்பு உடையவர்கள் இடம் தருவார்கள் என்று அடுத்த பாட்டு சொல்கிறது. குழந்தை பிறந்திருக்கிறது, அதனால் தாமதம். அதைப் பிரிவு என்று அவர்கள் இருவருமே நினைக்கவில்லை.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சுக்குக் கொண்டு வந்ததால் நமக்கு இதெல்லாம் கிடைத்தது. 212இலிருந்து 223 வரை ஒரே மூச்சில் படி. உரையோடு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்கிக்கொள். பிறகு அவளுக்கு நீயே முதலில் எழுது. போன தடவை யார் எழுதினோம், இந்த முறை யார் முறை என்ற கணக்கெல்லாம் வேண்டாம். நலமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே. குழந்தை தூங்குகிற நேரம் எது, நீ பேசினால் அவளுக்குச் சௌகரியமான வேளை எது என்று கேள். உடனே பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் தெரிவி. பொத்தியாரைத் திருப்பி அனுப்பியது சரியா என்று நீ நினைப்பதையும் எழுது, எனக்கு அதில் இன்னும் முடிவு கிட்டவில்லை.

அன்புடன்,
அம்மா