இரண்டு கிண்ணங்கள்

கோவில்பட்டி,
10.11.2024

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்து காலை நடையை மறுபடி தொடங்கியிருக்கிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே நானும் பார்வதியும் நலம். உன் மணிக்குத் துணையாக அக்காள் மகன் வீட்டு லாப்ரடார் குட்டி ஒன்றைக் கொண்டுவரலாமா, நாட்டு நாயும் அதுவும் ஒத்துப்போகுமா என்று கேட்டிருந்தாய். கொண்டுவா என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு நாய்களோடு வாழ்ந்து நாங்கள் பட்டதையும் கற்றதையும் சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் அனுப்புவது நட்புக்கு அழகல்ல என்று பட்டதால், மழை பிடித்துக்கொண்டிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையில் நீளமாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மயிலையை உனக்குத் தெரியும். ஏழு ஆண்டுகளுக்கு முன் சிப்பிப்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு மாதக் குட்டியாக வந்தவள். மாடுகளில் மயிலை என்று நாம் சொல்லும் அந்தச் சாம்பல் நிறம் அவளுக்கு அப்படியே இருந்ததால் வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராஜபாளையம் நாய் இருந்த தலையை நீ எனக்கு அனுப்பிவைத்தாய். அதற்கு இத்தனை பக்கத்தில் பிறந்த சிப்பிப்பாறை நாயினத்துக்கு அந்த வரிசையில் இடமில்லையே என்று நான் வருந்தி எழுதினேன். அந்த வருத்தம்தான் பின்னாளில் என்னை மயிலையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று இப்போது நினைக்கிறேன்.

புரூனோ வந்த கதை வேறு. பெங்களூரில் மகன் ஆசைப்பட்டு வாங்கி வளர்த்த லாப்ரடார் அவன். 2021இல் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது, இரண்டு வயது நாயை யாரிடம் விடுவது என்று அவன் தவித்த தவிப்பைப் பார்த்துப் பார்வதிதான் இங்கே கொண்டுவந்து விடச் சொன்னாள். காரிலிருந்து இறங்கிய புரூனோ, வாசலில் நின்ற பால்காரர், எதிர்வீட்டுப் பிள்ளைகள், நான் என்று ஒருவர் விடாமல் எல்லோரையும் நக்கி முடித்துவிட்டு, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவன் போல உள்ளே நுழைந்தான். மயிலை திண்ணையின் கடைசியில் எழுந்து நின்று அவனைப் பார்த்தாள். குரைக்கவில்லை, கிட்டே வரவும் இல்லை. அந்தப் பார்வை ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது.

இரண்டும் நாய்கள்தாம் என்றாலும், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றதே தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு. மயிலை கண்ணால் வேட்டையாடும் மரபில் வந்தவள்; அசைவதுதான் அவளுக்கு உலகம். கண்மாய்க்கரையில் காலையில் நடக்கும்போது கழுத்தை உயர்த்தி, காதுகளைப் பின்னால் மடித்து, உளுந்துக்காட்டுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆடு தலையைத் திருப்பினாலும் கவனித்துவிடுவாள். புரூனோவின் உலகம் தரையில் இருக்கிறது. மூக்கை மண்ணில் பதித்தால் பத்தடி நடக்கப் பத்து நிமிடம் ஆகும். நேற்று இரவு அந்த வழியாக யார் போனார், எது போயிற்று என்பதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பவன் போல ஒவ்வொரு புல்லாக முகர்வான். ஒரு கையில் முன்னோக்கி இழுக்கும் வார், மறு கையில் பின்னோக்கி இழுக்கும் வார் என்று ஆறு மாதம் தோள்வலியோடு நடந்த பிறகே, இருவரையும் தனித்தனியாக அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். விடியுமுன் மயிலைக்கு நீண்ட விரைவு நடை. திரும்பி வந்து காப்பி குடித்துவிட்டுப் புரூனோவுக்கு அவன் விருப்பப்படியான மெதுநடை. மயிலையை வெட்டவெளியில் அவிழ்த்துவிடு, அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். முயலைக் கண்டுவிட்டால் அவளை எந்தக் குரலாலும் நிறுத்த முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அதைவிட, ஓடும் வேகத்தில் சீமைக் கருவேல முள் கிழித்தால் அவளுடைய மெல்லிய தோல் காகிதம் போலப் பிரிந்துவிடும். அதனால் நண்பர் ஒருவரின் வேலியிட்ட தோட்டத்தில் வாரம் இருமுறை மட்டும் அவிழ்த்துவிடுகிறேன். அவள் அங்கே சுற்றிவரும் அந்த நான்கைந்து நிமிடத்துக்காக நான் வாரம் முழுவதும் காத்திருக்கிறேன் என்றாலும் பொய்யில்லை.

தண்ணீரில் நிலைமை தலைகீழ். லாப்ரடார் என்று பெயர் இருந்தாலும் அந்த இனத்தின் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் உழைத்தவை. விரல்களுக்கிடையே சவ்வும், நீர் ஒட்டாத இரட்டை அடுக்கு முடியும் அதற்காகவே அமைந்தவை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் புரூனோவைக் கரையேற்றுவதற்குப் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் ஓசை ஒன்றுதான் வழி. மயிலையோ தேங்கிய மழைநீரைச் சுற்றிக்கொண்டு போவாள். அந்த முடி விஷயத்தில் உனக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே வந்த முதல் சித்திரை வெயிலில் புரூனோ மூச்சிரைத்துக் கிடந்ததைப் பொறுக்காமல், நாய்களுக்கு முடி திருத்தும் ஒரு கடையில் அவனை ஒட்ட மழித்துவிடச் சொன்னேன். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தது போக, முதுகுத் தோல் வெயிலில் சிவந்து காய்த்துப் போனது; முடி பழையபடி வளர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த அடுக்கு முடி குளிருக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் காப்பு என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். இப்போது உதிரும் முடியைச் சீப்பால் வாரி எடுத்துவிடுகிறோம். நண்பகலில் ஈரச் சாக்கு விரித்த சிமெண்டுத் தரை, மின்விசிறி, பானைத் தண்ணீர் என்று வைத்திருக்கிறோம். திருச்சி வெயில் எங்கள் வெயிலுக்குக் குறைந்ததல்ல. குட்டி வருவதற்கு முன் அவனுக்கென்று ஒரு நிழலான இடத்தைத் தேர்ந்துவை.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். மயிலை கம்பும் கேப்பையும் மோரும் உண்டு வளர்ந்த ஊர்க்காரி; 17 கிலோவுக்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை. விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவதுதான் அவள் இனத்துக்கு நலம் என்று அறியாத உறவினர்கள், நாயைப் பட்டினி போடுகிறீர்களா என்று எங்களைக் கடிந்துகொள்வார்கள். கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மனமிருந்தால் பாதி உண்பாள். சில நாள் தொடவே மாட்டாள். புரூனோவுக்குச் சோறு வைத்து நிமிர்வதற்குள் கிண்ணம் தேய்த்துக் கவிழ்த்தது போல இருக்கும். இங்கே வந்த முதல் ஆண்டிலேயே 41 கிலோ ஆகிவிட்டான். அவனுடைய பசியை நான் பேராசை என்றே எண்ணியிருந்தேன். 2016இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்கு உணர்த்தும் வழியில் தொடர்புள்ள ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவன் கண்களைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது. புரூனோ அந்த நான்கில் ஒருவனா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனாலும் அவன் கேட்பது குறும்புக்காக அல்ல, உண்மையாகவே பசிக்கிறது என்று எண்ணும்போது, அளந்து கொடுத்தாலும் கடிந்து பேசாமல் கொடுக்க முடிகிறது. அளவு குறைத்து, அவித்த பூசணியையும் பீன்ஸையும் கூட்டி, எட்டு மாதத்தில் 34 கிலோவுக்கு இறக்கினோம்.

போன ஆண்டு ஐப்பசியில் நடந்ததை எழுதுகிறேன். நல்ல மழைக்காலம். மாலையில் இரண்டு கிண்ணங்களையும் பின்கட்டில் வைத்துவிட்டு, பார்வதிக்கு உடம்பு முடியாமலிருந்ததால் நான் உடனே உள்ளே போய்விடுவேன். திரும்பி வரும்போது இரண்டு கிண்ணங்களும் காலியாக இருக்கும். மயிலை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. நான்காம் நாள் காலையில் வாரை எடுத்தபோது அவள் எழுந்து வரவில்லை. குனிந்து உதட்டை விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வயிற்றின் மெல்லிய தோலில் மிளகு சிந்தியது போலச் செம்புள்ளிகள். வலது காது மடலின் உள்மடிப்பில், விரலால் விரித்தால்தான் தெரியும் இடத்தில், ஆமணக்கு விதை அளவுக்கு ரத்தம் குடித்து ஊதிய ஓர் உண்ணி. அந்த மூன்று நாளும் அவள் ஒரு பருக்கைகூட உண்ணவில்லை. அவள் பங்கையும் புரூனோ தின்று தீர்த்திருக்கிறான். காலிக் கிண்ணம் என்னை ஏமாற்றிவிட்டது.

உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் 42 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை. டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார்கள். தேறிவிட்டாள் என்று பாதியில் நிறுத்தினால் கிருமி உடலில் தங்கிவிடுமாம். புரூனோவாக இருந்தால் மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்து முடித்திருப்பேன். மயிலை பழத்தைத் தின்று மாத்திரையை மட்டும் பிரித்துத் தரையில் வைப்பாள். கடைசியில் இட்லி மாவில் பொதிந்து, வாயைத் திறந்து நாக்கின் பின்பகுதிக்குத் தள்ளி, தொண்டையைத் தடவிக்கொண்டே பத்து எண்ணி, பிறகு தண்ணீர் புகட்டி, நாளுக்கு இரண்டு முறை, 28 நாளும் கொடுத்தேன். ஆறாம் நாள் அவள் தானாக எழுந்து வந்து மோர்ச்சோற்றில் நான்கு வாய் உண்டதைப் பார்த்துப் பார்வதி அழுதுவிட்டாள். அன்றிலிருந்து புரூனோவுக்குப் பின்கட்டிலும் மயிலைக்குத் திண்ணையிலுமாகக் கிண்ணங்கள் பிரிந்தன. அவள் உண்டு முடிக்கும்வரை நான் அருகிலேயே ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பேன். உண்ணி பார்ப்பதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அன்றாட வேலையாகிவிட்டது. அவள் உடம்பை இரண்டு நிமிடத்தில் தடவி முடித்துவிடலாம். அவனுடைய அடர்ந்த முடிக்குள் கால் விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வால் தொடங்கும் இடம் என்று விலக்கி விலக்கிப் பார்க்க அரை மணி ஆகும். மருத்துவர் எழுதித் தந்த உண்ணித் தடுப்பு மாத்திரையை இருவருக்கும் தேதி தவறாமல் கொடுக்கிறோம்.

புரூனோ அவள் சோற்றைத் தின்றான் என்று எழுதியதால் அவன் மேல் உனக்குக் கோபம் வந்துவிடக் கூடாது. இந்தத் தீபாவளியைச் சொல்கிறேன். தெருநாய்கள் மூன்று சேர்ந்து வந்தாலும் அசையாமல் நிற்கும் மயிலை, வெடிச்சத்தத்துக்கு மட்டும் நடுங்கிப் போவாள். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்திருந்தாலும், சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குள் எல்லாம் அடங்குவதில்லை. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு, எச்சில் ஒழுக, பற்கள் ஒன்றோடொன்று தட்டுவது கேட்கும் அளவுக்கு நடுங்கினாள். நான் தடவிக் கொடுத்தேன், பார்வதி போர்வை போர்த்தினாள், பயனில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாதபடி தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட இனத்தான் புரூனோ. சரவெடிக்கு நடுவிலும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எப்போது எழுந்தானோ தெரியவில்லை, அந்தக் கனத்த உடம்பைத் தரையோடு இழுத்துக் கட்டிலுக்கடியில் நுழைத்துக்கொண்டு அவளை ஒட்டிப் படுத்தான். சற்று நேரத்தில் அவள் தன் நீண்ட தலையை அவன் வயிற்றின் மேல் வைத்தாள். அவன் மூச்சுக்கு அது ஏறி ஏறி இறங்கியது. நடுக்கம் முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் பற்கள் தட்டும் ஓசை நின்றது. மறுநாள் காலையில் அவன் கிட்டே வந்தபோது அவள் வழக்கம் போல எழுந்து திண்ணையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே நடராஜா, மணியும் அந்தக் குட்டியும் ஒத்துப்போகுமா என்றால், போகும். நீ எதிர்பார்க்கும் விதத்தில் போகாமலும் இருக்கலாம். சேர்ந்து ஓடி விளையாட வேண்டும் என்று அவற்றை நெருக்காதே. மணிக்கு யாரும் வர முடியாத ஓர் இடம், அது படிக்கட்டின் மேல்படியாக இருந்தாலும் சரி, அவனுக்கு மட்டும் என்று இருக்கட்டும். கிண்ணங்களை முதல் நாளிலிருந்தே வெவ்வேறு இடத்தில் வை. குட்டிக்கு எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று மருமகனிடம் சொல். முதல் தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும். மணிக்கு இந்த ஆண்டுக்கான ஊசி போட்டாயிற்றா என்பதையும் பார்த்துவிடு. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடியது. குட்டியின் தாயும் தந்தையும் நொண்டாமல் நடக்கின்றனவா என்று நீயே நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

புரூனோவுக்குச் சிறியதாகிப்போன மார்புப்பட்டை ஒன்று இங்கே சும்மா கிடக்கிறது. வளரும் குட்டிக்கு ஆறாம் மாதம் சரியாக இருக்கும். கடலைமிட்டாயோடு சேர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். கடலைமிட்டாயைக் குட்டிக்குக் காட்டிவிடாதே. குட்டி வந்ததும் அதன் நிறத்தையும், மணி முதல் நாள் என்ன செய்தான் என்பதையும் விரிவாக எழுது. மழை விட்டிருக்கிறது, மயிலை வாசற்படியில் வந்து நின்று ஈரத்தைப் பார்த்துக்கொண்டு கால் வைக்கத் தயங்குகிறாள், புரூனோ ஏற்கெனவே தெருவில் நிற்கிறான்.

அன்புடன்,
உன் சண்முகவேல்