185 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணச் சிறப்பிதழில், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமான தூரம் 185 கி.மீ., பறக்கும் நேரம் 15 நிமிடம் என்று ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். தூரம் சரி. நேரம்தான் உதைக்கிறது.

தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்துப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. 2025 மார்ச் 30 அன்று இன்டிகோ இந்தத் தடத்தில் சேவைக்கு விட்டது ஏ.டி.ஆர். 72. மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. போகும் விசிறி விமானம். அந்த வேகத்தையும் அது எட்டி நிதானிப்பதற்குள் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். கால அட்டவணையில் போடுவது சுமார் ஒரு மணி நேரம். சக்கரத்தின் முட்டுக்கட்டையை இங்கே எடுத்ததிலிருந்து அங்கே மறுபடி வைக்கும் வரையிலான கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அனுமதிக்குக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

இன்னொன்று, காற்று. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கரூர்ப் பக்கம் பார்த்து ஏறி, அப்புறம் வளைந்து தென்கிழக்கே யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும். போகும்போது அதே காற்று முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். ஆக, போக ஒரு நேரம், வர ஒரு நேரம். தூரத்தை வைத்து மட்டும் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையோடு ஒப்பிட்டால் விளங்கும். சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ., கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஆனால் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணி சொச்சம்தான். ஏறவும் இறங்கவும் ஊரவும் ஆகும் நேரம் எந்தத் தூரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் குறுகிய தடங்களில் கிலோமீட்டரை வைத்து நேரம் சொல்வது எடுபடாது.

அதற்காகத் தூரத்தைப் போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருச்சியிலிருந்து வான்வழியில் சென்னை சுமார் 295 கி.மீ., கொழும்பு 415 கி.மீ. யாழ்ப்பாணம் இரண்டையும்விடப் பக்கம்! திருச்சிக்காரர்களே பலர் இதை நம்ப மாட்டார்கள். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படும் வரை, இந்தப் பக்கத்து ஊருக்குக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கி, மறுபடி வடக்கே 400 கி.மீ. போல பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டியிருந்தது. பெட்டிச் செய்தியில் இதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது விமான வகை, போக வர அட்டவணை நேரம், விமான நிலையத்திலிருந்து ஊர்த் தூரம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பலாலியிலிருந்து யாழ் நகரம் 16 கி.மீ. இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியேற்றச் சோதனைக்கும் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். நல்லவேளையாக, 2006 ஏப்ரலுக்குப் பிறகு இலங்கையின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றே. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம், கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம்.

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் கப்பலையும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் உதவும். கடல் வழி சுமார் 110 கி.மீ., நேரம் நான்கு மணி அளவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவரங்கம்.