குதிரை நிற்க இடம் பார், அப்புறம் கூடாரம் பார்

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நீ அனுப்பிய குதிரைப் படங்களை அம்மா தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் காட்டிவிட்டாள். சிவப்புக் குதிரையின் நெற்றிச் சுட்டியைப் பார்த்து, நல்ல ராசி என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

கோடையில் இரண்டு குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைக்காடுகளில் முகாம் போட்டுச் சுற்றப் போகிறோம், எந்த ஏற்பாடு நல்லது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று விலைப்பட்டியலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஒன்று, உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை வைத்த பெரிய கூஸ்நெக் டிரெய்லர், அதாவது பிக்கப்பின் தொட்டிக்குள் கொக்கி மாட்டி இழுப்பது. இன்னொன்று, பிக்கப்பின் முதுகில் ஏற்றி வைக்கும் கேம்பர் என்ற சின்ன அறை, அதன் பின்னால் குதிரை டிரெய்லர். மூன்றாவது, சாதாரண இரண்டு குதிரை டிரெய்லரும் நல்ல கூடாரமும். மூன்றிலும் மெத்தை எத்தனை அங்குலம், அடுப்புக்கு எத்தனை பர்னர் என்று விலாவாரியாக இருக்கிறது. இருட்டிய பிறகு விடியும் வரை அந்த இரண்டு குதிரைகளும் எங்கே நிற்கும் என்பது ஒன்றிலும் இல்லை. நீ முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான் அம்மா. அது முடிவானால் மற்றது தானாக முடிவாகும்.

உன் தாத்தா காட்பாடி ஸ்டேஷனுக்கும் வேலூருக்கும் ஜட்கா ஓட்டினவர் என்று உனக்குத் தெரியும். அவர் ராத்திரி வீடு திரும்பினால் வண்டியை அவிழ்த்து, வைக்கோலால் குதிரையின் முதுகைத் தேய்த்து, தண்ணீர் காட்டி, நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஊறவைத்த கொள்ளை வைத்த பிறகுதான் தன் காலைக் கழுவுவார். பாட்டி சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் கால்நடை ஆய்வாளராக அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கமெல்லாம் வேலை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் எத்தனையோ மாடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மிருகத்தோடு பயணம் போவது எப்படி என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, ராத்திரிக் கட்டுக்கு வருவோம். உங்கள் ஊரில் ஹைலைன் என்கிறார்கள் இல்லையா, இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே இழுத்துக் கட்டும் கயிறு, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மரத்தைச் சுற்றி அகலமான பட்டை போட வேண்டும். வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும், மரம் பட்டுப்போகும். கயிறு குதிரையின் தலையைவிட உயரத்தில், ஏழடிக்குக் குறையாமல் விறைப்பாக இருக்கட்டும். அதில் வளையம் போட்டு, அங்கிருந்து தலைக்கயிற்றுக்கு ஒரு கயிறு விடு. குதிரை தலை குனிந்தால் மூக்கு தரையில் வைத்த புல்லைத் தொட வேண்டும், அவ்வளவு நீளம் போதும். அதற்கு மேல் ஒரு சாண் விட்டால்கூட, ராத்திரியில் முன்னங்காலைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளும். காலில் கயிறு சுற்றிய குதிரை பயந்து இழுக்கும், இழுக்க இழுக்கத் தோல் உரியும். முடிச்சு எப்போதும் ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி இருக்கட்டும். கூடவே கத்தி ஒன்று இடுப்பில் இருக்கட்டும். இரண்டு குதிரைகளுக்கும் நடுவே ஒன்றை ஒன்று உதைக்க முடியாத தூரம் விடு. மரத்தடியிலிருந்தும் தள்ளியே கட்டு, இல்லாவிட்டால் காலால் பறித்து வேரை வெளியே எடுத்துவிடும். ஓடை, ஏரிக் கரையிலிருந்து 200 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று உங்கள் பக்கத்துக் காட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. அது நியாயமான விதி.

மின்வேலி நாடா நல்லதுதான், மேய விடலாம். ஆனால் அதை முதல்முறையாகக் காட்டில் கட்டாதே. வீட்டிலேயே சில நாள் அதற்குள் விட்டுப் பழக்கு. பயந்த குதிரைக்கு நாடா ஒரு தடையே இல்லை. ராத்திரியில் மான் கூட்டம் பாய்ந்து போனால் மிரண்டு வேலியையும் எடுத்துக்கொண்டு ஓடும். மடக்குக் கம்பித் தடுப்புகள் பலமானவை, ஆனால் கனம். டிரெய்லர் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு போனால் அந்த எடையும் கணக்கில் சேரும். டிரெய்லரிலேயே கட்டிப் போடுவதானால் கதவு விளிம்பு, தாழ்ப்பாள், நம்பர் பிளேட் என்று கூர்மையான எதுவும் எட்டுகிற இடத்தில் இருக்கக்கூடாது. புல் வலையை உயரமாகக் கட்டு. நிறைந்திருக்கும்போது சரியாகத்தான் தெரியும், காலியானதும் தொங்கும், அதில் குளம்பு மாட்டும்.

இப்போது எடை. கணக்குப் போட்டுப் பார். ஒரு குதிரை சுமார் 500 கிலோ. ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்புல் தின்னும், அதாவது பத்துக் கிலோ. தண்ணீர் 25 லிட்டரிலிருந்து 45 லிட்டர் வரை, வெயிலில் ஓடினால் இன்னும் மேலே. ஐந்து நாள் பயணத்துக்கு இரண்டு குதிரைக்கும் 100 கிலோ புல். வழிக்கு மட்டும் 100 லிட்டர் தண்ணீர், அதுவும் 100 கிலோ. சேணம், கடிவாளம், போர்வை, மருந்துப் பெட்டி, உங்கள் கூடாரம், சமையல் சாமான். சாதாரண டிரெய்லரே காலியாக 1200, 1300 கிலோ இருக்கும். எல்லாம் சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். வீடு வைத்த கூஸ்நெக் காலியாகவே அதைவிடக் கனம். உங்கள் பிக்கப்புக்கு அது ஆகாது, இன்னொரு பெரிய வண்டி வாங்க வேண்டும். நீளமும் அதிகம். காட்டு மண் பாதையில் எதிரே வண்டி வந்தால் எப்படிப் பின்னால் எடுப்பாய்? உள்ளே குதிரைகள் வேறு நிற்கும்.

முதுகில் ஏற்றும் கேம்பர் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேம்பரின் எடையும், டிரெய்லரின் மூக்கு அழுத்துகிற எடையும், நீங்கள் இருவரும் எல்லாம் ஒரே பிக்கப்பின் முதுகில்தான் விழும். இழுக்கும் திறன் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதே, சுமக்கும் திறனைப் பார். சில கேம்பர்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், டிரெய்லர் கொக்கியை மாட்ட இடம் இருக்காது.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்டும்போதே நீ என்னை மெதுவாகப் போகச் சொல்வாய். அங்கே லவ்லேண்ட் கணவாய் 3,600 மீட்டருக்கும் மேலே. காற்று மெல்லிதானால் என்ஜினுக்கும் இழுப்பு குறையும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. கீழ் கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. டிரெய்லர் பிரேக்கும், டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிடிக்கும் பிரேக்கின் பேட்டரியும் வேலை செய்கிறதா என்று புறப்படும்போது ஒவ்வொரு முறையும் பார். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தித் தண்ணீர் காட்டு. ஓடுகிற டிரெய்லரில் நிற்பது குதிரைக்கு ஓய்வு கிடையாது, நாலு காலாலும் சமன் செய்துகொண்டே வரும்.

அதனால் என் யோசனை, இந்த வருஷம் சாதாரண டிரெய்லரும் கூடாரமும் போதும். மழை வலுத்தால் குதிரைகளை இறக்கிக் கட்டிவிட்டு, டிரெய்லர் தரையைப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு, மடக்குக் கட்டில் போட்டு உள்ளேயே படுக்கலாம். மூத்திர வாடை போகிற மாதிரி ரப்பர் பாயைத் தூக்கி அடியிலும் கழுவு. பழைய டிரெய்லர் வாங்கினால் அந்தப் பாயைத் தூக்காமல் பணம் கொடுக்காதே. மரத் தரையானால் ஸ்குரூடிரைவரால் மூலை மூலையாகக் குத்திப் பார், உள்ளே இறங்கினால் அந்தப் பலகை உளுத்துப்போயிருக்கிறது. அலுமினியமானால் மூத்திரம் அரித்த குழிகள் இருக்கிறதா என்று பார். ஓடும்போது தரை உடைந்தால் குதிரையின் கால் ரோட்டில் போகும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கூடாரத்தைக் குதிரைகள் தெரிகிற, அதைவிட முக்கியமாகக் கேட்கிற இடத்தில் போடு. கூடாரக் கயிறுகள் குதிரை வரும் வழியில் இருக்கக்கூடாது. கூடாரத்துக்குள்ளோ மூடிய டிரெய்லருக்குள்ளோ கேஸ் அடுப்பைக் குளிருக்காகப் பற்றவைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். குதிரைக்கு நீ நினைக்கிற அளவு குளிராது. உடம்பு நனையாமல் இருந்தால் மலைக்குளிரைத் தாங்கும். கரடிகள் இருக்கிற காடு என்கிறாய், அப்படியானால் குதிரைத் தீவனத்தையும் உங்கள் சாப்பாட்டைப் போலவே கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டிவை.

தீவனத்தை வழியில் மாற்றாதே. வீட்டில் தின்கிற புல்லையே கொண்டுபோ. அங்கே தேசியக் காடுகளில் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்ற புல்தான் அனுமதி, அதனால் புறப்படச் சில நாள் முன்பிருந்தே அந்தப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கு. குதிரைமசால், உங்கள் ஊரில் அல்ஃபால்ஃபா என்பது, சத்து அதிகம், திடீரென்று நிறையப் போடாதே. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் சூலை என்ற வயிற்றுவலி வந்து புரளும். நம் ஹைவே நடுவில் வைத்திருக்கிறார்களே அந்த அரளி, அதில் சில இலை போதும் குதிரையைச் சாய்க்க. உங்கள் பக்கம் லோகோ என்ற நச்சுச் செடி உண்டு, படத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்.

தாத்தா காலத்தில் வியர்த்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக்கூடாது என்பார்கள். இப்போது மருத்துவர்கள் குடிக்கவிடத்தான் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வேலூர்க் கோட்டைக்குப் பாய்ந்து வந்ததைப் பள்ளியில் படித்திருப்பாய். அன்று மாண்ட சிப்பாய்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. கோட்டைப் பக்கம் நடக்கும்போது, இருபத்தைந்து கிலோமீட்டர் அந்த ஆனி வெக்கையில் ஓடிவந்த குதிரைகளும் நினைவுக்கு வரும். வேற்று ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். அதற்காகத்தான் வீட்டுத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறேன்.

தாடைக்கு அடியில் எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் கயிறு போல ஒரு ரத்தக்குழாய் உருளும், அங்கே நாடி பார். நிம்மதியாக நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை. உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி. சாதாரண நாட்களிலேயே இரண்டு குதிரைகளுக்கும் எண்ணி எழுதிவை. தீனியை விட்டுவிட்டு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைப் பறித்தாலோ, சாணி போடாவிட்டாலோ, நாடி அறுபதைத் தாண்டினாலோ காத்திருக்காதே. வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடு. முகாம் போடும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்து மருத்துவர் யார் என்று கிளம்பும் முன்பே எழுதி வைத்துக்கொள். தலைக்கயிற்றில் உன் போன் நம்பரைத் தகட்டில் அடித்து மாட்டு.

காகிதங்களையும் மறக்காதே. குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகைக்கான காக்கின்ஸ் ரத்தப் பரிசோதனை 12 மாதத்துக்குள் எடுத்ததாக, நோய் இல்லை என்று இருக்க வேண்டும். மாநிலம் தாண்டினால் மருத்துவரின் உடல்நலச் சான்று. கொலராடோவுக்குள்ளேயே 75 மைலுக்கு மேல் குதிரையை ஏற்றிப் போனால் பிராண்ட் ஆய்வுச் சீட்டு, அதாவது குதிரை யாருடையது என்பதற்கான சான்று, கேட்பார்கள், குதிரைக்கு நிரந்தர அட்டையே வாங்கிக்கொள்ளலாம், அதை வாங்கிவிடு.

முதல் பயணம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிற குதிரை முகாமுக்கு, ஒரே ஒரு ராத்திரி. அதற்கும் முன்னால், உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஹைலைன் கட்டி ஒரு ராத்திரி நிறுத்திப் பார். அம்மா அங்கே வருகிற வருஷம் வேண்டுமானால் வீடு வைத்த டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள், அவள் முட்டிக்குக் கூடாரம் சரிப்படாது.

பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் எடைச் சீட்டு ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. வாங்க நினைக்கிற டிரெய்லரின் தரையை, பாயைத் தூக்கிவிட்டு, மேலும் கீழும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறவரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
அப்பா